ஒரு காமிராவும் இரண்டு லென்ஸும்

காமிரா வாங்கப் போகிறேன் என்று மட்டும் யாரிடமும் வாய் திறந்து சொல்லிவிடாதீர்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கிறேன் என்றால் நாலு பேர் யோசனை சொல்வார்கள். வீடு கட்டப் போகிறேன் என்றால் எட்டுப் பேர் சொல்வார்கள். காமிரா என்றால் ஊரே திரண்டு வந்து சொல்லும். கையில் செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்றைக்குப் போட்டோ நிபுணர்தானே! பத்து நாளில் நான் கேட்ட யோசனைகளைத் தொகுத்தால் என் நாவல்களில் மெலிந்த ஒன்றைவிடக் கனமான புத்தகம் கிடைக்கும். அதில் பாதி யோசனைகள் மற்றப் பாதிக்கு நேர் விரோதம் என்பதுதான் விசேஷம்.

இத்தனைக்கும் பிறகு நானும் யோசனை சொல்ல உட்காருவானேன் என்று கேட்பீர்கள். நான் நிபுணன் அல்ல. கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தவன். அந்த ஒரு யோக்கியதைதான் எனக்கு உண்டு.

பணம் 36,000 ரூபாய். பழைய நாவல் ஒன்றின் மறுபதிப்புக்காக வந்த தொகை. எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்தில், மலையடிவாரத்துப் பக்தவத்சலேசுவரர் கோயிலுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறது. முற்றமும் கூடமும் உள்ள பழைய வீடு. மாடி ஒழுகுகிறது. மழைக்காலத்துக்கு முன் தளத்தைச் செப்பனிட வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆகவே பணம் வந்தவுடன் காமிரா என்ற பேச்சை நான் மிகுந்த தயக்கத்துடன்தான் எடுத்தேன். என் மனைவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

“ஒழுகற இடத்துல அண்டாவை வச்சுக்கலாம். அத்தைக்கு எழுபத்தெட்டு ஆச்சு. போய் வாங்கிட்டு வாங்க.”

காமிரா எதற்கு என்று நான் அதுவரையில் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. மலையை எடுக்கலாம், மாமல்லபுரத்தை எடுக்கலாம் என்று ஏதேதோ சொல்லியிருந்தேன். அவள் எப்படியோ விஷயத்தைப் பிடித்துவிட்டாள்.

எங்கள் கூடத்துச் சுவரில் அப்பா படம் இருக்கிறது. தாத்தாக்கள் இருவர் படமும் இருக்கின்றன. அம்மாவைப் பெற்ற பாட்டிக்குப் படம் கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவள். ஸ்டூடியோவுக்குப் போய் நிற்கக் கூச்சப்பட்டுக் கடைசிவரை படமே எடுத்துக்கொள்ளாமல் இருந்துவிட்டாளாம். அம்மாவுக்கும் ஏறக்குறைய அதே சுபாவம். கல்யாணக் கும்பல்களில் எடுத்த படங்களில் அவள் யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால்தான் இருப்பாள்.

“செல்போன் இருக்கிறதே, அது போதாதா?” என்றார்கள் பலர். நியாயமான கேள்விதான். நல்ல வெயிலில் செல்போன் எடுக்கும் படத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் இருக்கும் படம் பதியும் தகடு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. வெளிச்சம் குறைந்தால் கிடைத்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். அப்படி நிரப்பும்போது முகத்துச் சுருக்கங்களை எல்லாம் வழித்துவிடுகிறது. எங்கள் கூடத்தில் நான் எடுத்த படத்தில் அம்மா மெழுகுப் பொம்மையைப் போல இருந்தாள். தவிர, செல்போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினால், “யாருப்பா பேசறாங்க?” என்று காதைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறாள்.

ஆகவே காமிராதான் என்று முடிவாயிற்று. எந்தக் காமிரா?

டி.எஸ்.எல்.ஆர். என்று சொல்கிறார்களே, அதன் சூட்சுமம் சிக்கலானது அல்ல. உள்ளே ஒரு சிறு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும்பி வழிவிடுகிறது. பின்னால் உள்ள தகட்டில் படம் விழுகிறது. டக்கென்று கேட்கும் சப்தம் அதுதான். 2003-ஆம் ஆண்டில் கானன் கம்பெனி ‘300டி’ என்ற காமிராவை ஆயிரம் டாலருக்குள் விற்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் இந்த ஜாதிக் காமிரா சாதாரண மனிதர்களின் கைக்கு எட்டியது. இப்போது காலம் மறுபடி மாறிவிட்டது. பெரிய கம்பெனிகள் கண்ணாடியே இல்லாத புது ரகங்களின் பக்கம் போய்விட்டன. மோகம் உள்ளவர்கள் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குகிறார்கள். அவர்கள் கொடுத்துவிட்டுப் போனதுதான் நம்மைப் போன்றவர்களுக்குப் பாக்கியம். நன்றாக உழைக்கக்கூடிய டி.எஸ்.எல்.ஆர். காமிராக்கள், புதிதாக இருந்தபோது விற்ற விலையில் ஏறக்குறைய பாதிக்கு இன்று கிடைக்கின்றன.

அடுத்தபடி எல்லாரும் சொன்ன மந்திரம் ‘மெகாபிக்ஸல்’. எத்தனை மெகாபிக்ஸல், எத்தனை மெகாபிக்ஸல் என்று என் சிநேகிதர் ஒருவர் என்னைக் குடைந்து எடுத்துவிட்டார். அவருக்காக ஒரு கணக்குப் போட்டேன். எட்டங்குலத்துக்குப் பத்தங்குலம் படம் ஒன்றை அச்சடித்து மாட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றாலே நல்ல அச்சு. பெருக்கிப் பாருங்கள்: 72 லட்சம் புள்ளி. 2018-இல் வந்த கானன் 1500டி என்னும் ஆரம்பப் படிக் காமிராவிலேயே 2 கோடி 40 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. நம் சுவர் அதற்குமேல் தாங்காது. எண்ணிக்கையைப் பார்த்துக் காமிரா வாங்குவது பக்கத்தை எண்ணி நாவல் வாங்குவதைப் போன்றது. அப்படி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நான் கடமைப்பட்டவன்தான்.

செங்கற்பட்டில் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன்தான் உருப்படியான வார்த்தை ஒன்று சொன்னான். “மாமா, பாடியில காசைக் கொட்டாதீங்க. பாடி நாலு வருஷத்துல பழசாயிடும். லென்ஸ் அப்படியே இருக்கும்” என்றான். இருபது வயதில் அவனுக்கு இருக்கும் விவேகத்தைக் கண்டு நான் சற்று வெட்கப்பட்டேன். அவனையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனேன்.

கைமாறிய காமிராக்களை விற்கும் சிறிய கடை அது. கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மற்றவர்கள் யாரும் கேட்காத கேள்வி ஒன்றை அவர் கேட்டார்.

“எதைப் படம் எடுக்கப் போறீங்க, சார்?”

நான் அடுக்கினேன். எங்கள் ஊர் மலை, மலைமேல் வேதகிரீசுவரர் கோயில், சங்கு தீர்த்தம், மாமல்லபுரத்துச் சிற்பங்கள், கடல், வேடந்தாங்கல் பறவைகள், வீட்டில் அம்மா.

“எல்லாத்துக்கும் ஒரே லென்ஸ் இருக்கு. எல்லாத்தையும் சுமாரா எடுக்கும். எதை நல்லா எடுக்கணும்னு சொல்லுங்க” என்றார் அவர்.

கேள்வி சுருக்கென்று தைத்தது. எனக்கு எம். கிருஷ்ணனின் ஞாபகம் வந்தது. முதல் தலைமுறைத் தமிழ் நாவலாசிரியர்களில் ஒருவரான அ. மாதவையாவின் மகன் அவர். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்த அவர், காட்டு யானைகளையும் மான்களையும் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். உலகத்துச் சிறந்த காமிரா எது என்று அவர் தேடிக்கொண்டு அலையவில்லை. ஒரு காமிராவின் உடலையும் வேறொன்றின் லென்ஸையும் சேர்த்துத் தாமே ஒரு கருவியைப் பூட்டிக்கொண்டார். பார்க்கவே பூதாகரமாக இருந்த அதற்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். தமக்கு வேண்டியது யானை என்று தெரிந்தவருக்குக் கருவி தானாக அமைந்துவிட்டது. எனக்கு வேண்டியது எது என்று கடை வாசலில் நின்றுகொண்டு நான் யோசித்தேன்.

முதலில் சுலபமானதைச் சொல்லிவிடுகிறேன். காமிராவுடன் சேர்த்தே கொடுக்கும் சிறு லென்ஸ் ஒன்று உண்டு, ‘18-55’ என்பார்கள். பழகினவர்கள் அதை ஏளனமாகப் பேசுவது வழக்கம். நீங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வெயில் உள்ள இடத்தில் அது குறைவற்ற லென்ஸ். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்னும் பாறைச் சிற்பம் 96 அடி நீளம். இந்த லென்ஸின் அகன்ற முனையில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய 80 அடி பின்னால் நின்றால், யானையும் தவசியும் பூனையும் உட்பட முழுப் பாறையும் ஒரே படத்தில் அடங்கிவிடும். கோபுரம், குளம், மலை எல்லாம் இதிலேயே வரும். காமிராவையும் இதையும் சேர்த்து 25,000 ரூபாய்க்குக் கொடுக்கச் சம்மதித்தார் கடைக்காரர். மீதி 11,000 ரூபாய். அதில் இன்னும் ஒரு லென்ஸ் வாங்கலாம். ஒன்றே ஒன்றுதான்.

மேஜைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ‘55-250’ என்ற நீளமான தொலைநோக்கு லென்ஸ். யாரோ வைத்திருந்து கொடுத்தது. மற்றது ‘50’ என்ற குட்டையான புது லென்ஸ். பெரிதும் ஆகாது, சிறிதும் ஆகாது; முன்னும் பின்னும் நகராது. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை.

நீள லென்ஸைக் கையில் எடுத்தவுடன் மனம் வேடந்தாங்கலுக்குப் பறந்துவிட்டது. கார்த்திகை மார்கழியில் ஏரிக்கரையில் நின்றால், தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் சாம்பல் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதற்கு இந்த லென்ஸ் வேண்டும். ஆனால் என் தங்கை மகன் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். இரண்டடி உயரத்துக்குச் சற்று மேற்பட்ட நாரை 50 மீட்டர் தூரத்தில் நின்றால், இந்த லென்ஸைக் கடைசிவரை நீட்டினாலும் அது படத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்குதான் இருக்கும். 100 மீட்டர் என்றால் பதினாலில் ஒரு பங்கு. “சொந்தக்காரங்ககிட்ட காட்டினா, இதுல பறவை எங்கேன்னு கேட்பாங்க, மாமா” என்றான்.

பறவை என்றதும் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஊரின் பெயருக்கே காரணமான கழுகுகளை நான் சிறு பையனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். வெள்ளை உடம்பும் மஞ்சள் முகமும் கொண்ட அந்தப் பறவைகள் உச்சிவேளையில் மலைமேல் வந்து இறங்கும். கோயிலில் பூசை செய்கிறவர் சர்க்கரைப் பொங்கலை வைப்பார். கைக்கெட்டும் தூரத்தில் வந்து தின்றுவிட்டுப் போகும். காசியில் நீராடிவிட்டு இங்கே வந்து உணவு கொண்டு ராமேசுவரம் போகின்றன என்று ஊரில் சொல்வார்கள். 1990-களுக்குப் பிறகு அவை வருவதில்லை. இந்தியாவிலேயே இந்த ஜாதிப் பறவைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற பாறுக் கழுகுகளைக் கொன்றது என்று கண்டு, 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதைச் சர்க்கார் தடை செய்தது. எங்கள் ஊருக்கு மட்டும் அவை திரும்பவில்லை.

கடையில் நின்ற எனக்கு இதில் ஒரு விஷயம் பட்டது. அந்தக் கழுகுகளைப் படம் பிடிக்கத் தொலைநோக்கு லென்ஸ் தேவையே இருந்ததில்லை. எட்டடி தூரத்தில் நின்றன. மிகச் சாதாரணக் காமிரா போதும். தினம் வருகிறதுதானே என்று எங்கள் தெருவில் ஒருவரும் எடுத்து வைக்கவில்லை. இன்று எவ்வளவு நீள லென்ஸ் வாங்கி என்ன? வராத பறவையைக் கிட்டத்தில் காட்டும் லென்ஸை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை.

குட்டை லென்ஸை எடுத்துப் பார்த்தேன். அதன் வாயில் ‘1.8’ என்று எழுதியிருந்தது. வெளிச்சம் நுழையும் வாசலின் அளவு அது. எண் சிறிதானால் வாசல் பெரிது. கூடவே வரும் சிறு லென்ஸில் அதே இடத்துக்கு எண் 5.6. இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று மடங்குதானே என்று தோன்றும். வாசலின் பரப்பு என்று கணக்கிட்டால் ஏறக்குறைய பத்து மடங்கு. அதாவது எங்கள் கூடத்து மங்கலில் அந்த லென்ஸ் ஒரு படத்துக்கு ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொண்டால், இது அறுபதில் ஒரு பங்கில் முடித்துவிடும். நம் கை நடுங்கினால் சமாளிக்கும் ஏற்பாடு அந்த லென்ஸில் இருக்கிறது; வாஸ்தவம். எதிரே இருப்பவர் அசைந்தால் அது என்ன செய்யும்? அம்மா அசையாமல் இருக்கும் நேரம் தூங்கும் நேரம் ஒன்றுதான். ஃப்ளாஷ் போடலாமே என்றால், கண்புரைக்கு அறுவை செய்துகொண்டவள். பளீரென்ற வெளிச்சத்துக்குக் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

ஆறடி தள்ளி உட்கார்ந்தால் இந்த லென்ஸில் ஒரு மனிதர் தலையிலிருந்து இடுப்புவரை சரியாக அமைவார். எங்கள் கூடத்தில் தூணடியில் அம்மா உட்காரும் இடத்துக்கும் எதிர்ச்சுவருக்கும் ஏழடி.

“இதைக் கொடுங்கள்” என்றேன்.

கைமாறிய காமிரா வாங்குகிறவர்களுக்காக அன்று நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். அந்தக் காமிரா எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண்ணிக்கையைக் கேளுங்கள். உள்ளிருக்கும் கதவு இத்தனை முறைதான் திறந்து மூடும் என்று ஒரு கணக்கு உண்டு. இந்த ரகத்துக்கு ஒரு லட்சம் என்றார் கடைக்காரர். என்னுடையது பதினோராயிரம்தான் எடுத்திருந்தது. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சணம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லென்ஸின் வாசலை நன்றாகக் குறுக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தகட்டில் தூசி இருந்தால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். வெட்கப்படாமல் அரைமணி நேரம் பாருங்கள். புடவைக் கடையில் நாம் நிற்கிற நேரத்தை எண்ணினால் இது ஒரு பெரிய விஷயமே அல்ல.

எங்கள் பக்கம் கடற்காற்று உள்ள பிரதேசம். தோல் பையிலோ அலமாரியிலோ காமிராவைப் பூட்டி வைத்தால் பூஞ்சணம் தேடிக்கொண்டு வரும். காற்றுப் புகாத டப்பாவும் ஈரம் உறிஞ்சும் ஸிலிகா ஜெல் பொட்டலங்களும் வேண்டும் என்றேன். அம்மா உள்ளே போய், வடாம் போட்டு வைக்கும் பெரிய டப்பாவைக் காலி செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். “மழை நாள்லகூட இதுல வடாம் நமுத்ததில்ல” என்றாள். என் காமிரா இப்போது அதில்தான் வாசம் செய்கிறது. லேசாகப் பெருங்காய மணம்.

படம் எடுத்தது ஒரு சாயங்காலம். முற்றத்து வெளிச்சம் தூணுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது. 1.8 வாசலில் ஒரு கண் தெளிந்தால் மறு காது மங்கும் என்று தெரிந்துகொண்டு, வாசலை 2.8 ஆக்கி, கிட்டத்தில் இருந்த கண்ணின்மேல் குறி வைத்தேன். அம்மா கழுகுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மறுநாள் அவளை மலைக்கு அழைத்துப் போனார்களாம். டக் டக்கென்று சப்தம் கேட்டதில் அவளுக்குத் திருப்தி. எடுத்தாகிவிட்டது என்று தெரிகிறது அல்லவா? நாற்பது படங்கள் எடுத்தேன். முப்பத்தைந்து வீண். கைகள் பாதி காற்றில் கரைந்திருந்தன. ஐந்து தேறின.

அவற்றில் ஒன்றைச் செங்கற்பட்டில் கொடுத்து எட்டுக்குப் பத்தாக அச்சடித்துக் கொண்டுவந்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நெற்றிச் சுருக்கங்களின்மேல் விரலை வைத்துத் தடவினாள். பிறகு என் மனைவியைக் கூப்பிட்டாள்.

“இங்க பாரும்மா. எங்கம்மா அப்படியே இப்படித்தான் இருப்பாங்க” என்றாள்.

நாங்கள் இருவரும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தோம்.

மாடி இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. நீள லென்ஸ் அடுத்த மறுபதிப்புக்குக் காத்திருக்கிறது. வேடந்தாங்கல் நாரைகள் என்னிடம் கோபித்துக்கொள்ளமாட்டா. கார்த்திகை பிறந்தால் அவை திரும்பி வரும்.